ஓடுகிற போனுக்கு ரெகவரி போடுகிறவர்

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பத்துப் பேர் கூடியிருக்கிற இடத்தில், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "என் போன் இப்பல்லாம் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்று பெருமூச்சோடு ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவரவர் டீயைக் கவனிக்கப் போய்விடுவார்கள். பத்தாவது ஆசாமி தம்ளரைக் கீழே வைப்பார். நாற்காலியை உங்கள் பக்கமாக இழுப்பார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "எங்க, குடுங்க பாப்போம்" என்று உள்ளங்கையை நீட்டுவார். அந்தக் கையில் போனை வைக்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் உங்களுடைய அடுத்த ஒரு வாரம் இருக்கிறது.

அவர்தான் ஓடுகிற போனுக்கு ரெகவரி போடுகிறவர். போன் ரிப்பேர் கடைக்காரரோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைக்காரர், பாவம், கெட்டுப்போன போனைத்தான் தொடுவார். வேலை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவார். நம்மவர் காசும் வாங்க மாட்டார், கடையும் சாத்த மாட்டார். கெட்டுப்போன போன் அவருக்கு அவ்வளவாக ருசிக்கவும் செய்யாது. நன்றாக ஓடுகிற போனாக இருக்க வேண்டும். அதிலும் அது அடுத்தவர் போனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ரெகவரி என்றால் என்ன என்று தெரியாத பாக்கியசாலிகளுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு போனுக்கும் ஒரு கொல்லைப்புற வாசல் உண்டு. நாமெல்லாம் முன்வாசல் வழியாகப் போய்வருகிறவர்கள்: பேசுகிறோம், படம் எடுக்கிறோம், வந்த செய்தியை நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். என்றைக்காவது முன்வாசல் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், கொல்லைப்புறமாகப் போய் உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கலாம். அந்த வாசலுக்குத்தான் ரெகவரி என்று பெயர். கம்பெனிக்காரனே ஒன்றை வைத்துத்தான் அனுப்புகிறான். நீங்களும் நானும் அதைப் பார்த்ததில்லை, பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடுவோம். ஆனால் நம்மவருக்குக் கம்பெனிக்காரன் வைத்தது ஆகாது. "அதுல ஒண்ணுமே பண்ண முடியாதுங்க" என்பார். முகம் தெரியாத நாலு பேர் எங்கோ உட்கார்ந்து எழுதி, இன்டர்நெட்டில் சும்மா கொடுக்கிற வேறொரு ரெகவரியை இறக்கி, கம்பெனிக்காரனுடையதைத் தூக்கிக் கடாசிவிட்டு, அந்த இடத்தில் இதைப் பொருத்துவார். பொருத்திவிட்டு என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். அது இருக்கிறது என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவார்.

ஒரு தடவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் கேட்டுவிட்டேன்.

"அது எதுக்கு மாப்பிள்ளை?"

"ஏதாவது ஆயிடுச்சுன்னா மீட்டுக்கலாம் மச்சான்."

"என்ன ஆகும்?"

"போன் கிளம்பாமப் போயிடலாம்."

"நல்லா இருக்கிற போன் ஏன் கிளம்பாமப் போகுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர். "ரெகவரி போடும்போது ஏதாவது தப்பாயிடுச்சுன்னா" என்றார்.

இதைச் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. தங்கையைக் கொடுத்த இடம்.

ஆமாம், மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் வீட்டுக்காரரைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவரைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தோம். குடிக்கிறாரா, கோபக்காரரா, சேர்க்கை எப்படி என்று துருவித் துருவிக் கேட்டோம். போனைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. நூலிழை தள்ளிப்போனாலும் கழற்றி மறுபடி பொருத்துவார். அவர் கைப்பட்ட கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைவலி என்று திரும்பி வந்தவர் கிடையாது. அதே கை, அதே பொறுமை, அதே ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிற பார்வை. போன் என்று வந்துவிட்டால் மட்டும் விதி வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. கடையில் அவருக்கு ரெகவரி என்றே பெயராகிவிட்டது. முதலாளியும் "ரெகவரியைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வார்.

வீட்டில் அவருக்கென்று ஒரு மேசை. அதன் மேல் ஒரு பழைய லேப்டாப், மூடியை முழுசாகத் திறந்தால் அணைந்துவிடும் என்பதால் பாதி திறந்தபடி ஒரு அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்திருப்பார். இழுப்பறையில் கேபிள்கள். நமக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்கள் அவசரத்துக்கு ஒன்றை எடுத்தால், "அய்யய்யோ, அது சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது" என்று பிடுங்கி, அச்சு அசல் அதே மாதிரி இன்னொன்றைக் கொடுப்பார். அதே இழுப்பறையில், அவர் மீட்பதற்காகத் திறந்து மீட்க முடியாமல் போன போன்கள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார். "அதுக்குள்ள உயிர் இருக்கு" என்பார்.

அவருடைய சொந்த போனில் இன்னும் என்னென்னவோ மாற்றி வைத்திருப்பதால் பேங்க் ஆப் திறக்காது. இந்தப் போன் பாதுகாப்பானதாகத் தெரியவில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். அதனால் கடைத்தெருவில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கிவிட்டு, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, "நீ அங்கேருந்து அனுப்பிடேன்" என்று என் தங்கையைக் கூப்பிடுவார். அவர் போனில் எடுக்கிற படங்களில் எல்லார் முகமும் லேசாகப் பச்சை அடிக்கும். வெயிலில் வைத்தால் தானாக அணையும். இத்தனைக்கும் அது "இப்ப முழுசா நம்ம கன்ட்ரோல்ல இருக்கு" என்பது அவருடைய எண்ணம்.

இன்டர்நெட்டில் அவருக்கு ஒரு கூட்டமும் உண்டு. ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை, பெயர்கூடத் தெரியாது. "அண்ணே, போன் கம்பெனி லோகோவிலேயே நிக்குது" என்று ஒருவர் எழுதுவார். உடனே ஏழெட்டுப் பேர் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள், வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் நம் மாப்பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் எந்த நாட்டிலோ எவனோ ஒருவனுடைய போன் கிளம்பிவிட்டது என்ற செய்தி வந்தால் அன்றைக்கு இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவார்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது. போன் அசட்டுப் பிராணி இல்லை. தன் கொல்லைப்புற வாசலை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அதற்குத் தெரியும். ஒரே ஒரு தடவை வழக்கம்போல முன்வாசல் வழியாகக் கிளம்ப விட்டுவிட்டால் போதும், முதல் காரியமாக இவர் வைத்ததைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கம்பெனிக்காரனுடையதைத் திரும்ப வைத்துவிடும். அதனால் புது ரெகவரியைப் பொருத்தின கையோடு, போனை அணைத்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிப் பிடித்து, முன்வாசல் திறப்பதற்குள் கொல்லைப்புறமாக நுழைந்துவிட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் போச்சு, கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. அந்த நேரத்தில் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமே. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாரும் பேசக்கூடாது, கதவு மணி அடித்தால் திறக்கக்கூடாது, குழந்தை தும்மக்கூடாது. ஒருமுறை அவர் அப்படி நிற்கும்போது குக்கர் விசிலடித்துவிட்டது. அன்றைக்கு ரெகவரி நிற்காததற்கு இன்றுவரை குக்கரைத்தான் சொல்கிறார்.

அப்படிப் போராடி உள்ளே நிறுத்தின பிறகும் நிம்மதி உண்டா? கம்பெனிக்காரன் மாசாமாசம் அப்டேட் அனுப்புகிறான். அதை அமுக்கினால் மறுபடியும் போச்சு. ஆகவே அந்த வீட்டின் முதல் சட்டம்: அப்டேட் என்று எது வந்தாலும் தொடக்கூடாது. அந்த வீட்டுப் போன்கள் எல்லாம் "புதுசு வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளட்டுமா?" என்று நாள் முழுக்கக் கெஞ்சிக்கொண்டே இருக்கும். "அப்புறம்" என்று அமுக்கி அமுக்கி என் தங்கையின் கட்டைவிரலில் ரேகை தேய்ந்ததுதான் மிச்சம். அவளிடம் இருந்தது அவர் ஒரு காலத்தில் வைத்திருந்த போன். எட்டு மாசத்துக்கு முன்னால் புதுசு வாங்கிக்கொண்டபோது பழையதை அவளுக்குக் கொடுத்தார். "ரெகவரியோட குடுத்திருக்கேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நகை போட்டுக் கொடுத்த மாதிரி.

இப்போது என் தங்கையின் கதைக்கு வருகிறேன். மகள் பிறந்ததற்காக வேலையை விட்டவள், பள்ளிக்கூடம், காய்ச்சல், மாமியார் கண் ஆபரேஷன் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, எட்டு வருஷமாக வீட்டோடு இருந்துவிட்டாள். வெளியே யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற அழைப்புகளை எடுத்துப் பேசுகிற வேலை. பதறிக்கொண்டு பேசுகிறவர்களிடம் பதறாமல் விவரம் கேட்டு, வண்டி வருகிறவரை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சொல்ல வேண்டும். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். கடைசிப் பரீட்சை போனில். குறிப்பிட்ட ஒரு நாள் காலையில் அவள் நம்பருக்கு ஓர் அழைப்பு வரும். விபத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிற ஆள் மாதிரி ஒருத்தர் நடிப்பார். இவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்ப்பார்கள். எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டார்கள். எடுக்கவில்லை என்றால் அவ்வளவுதான், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

"அண்ணா, நீ வந்து கூட உக்காரு. கேள்வி கேட்டுப் பழக்கு. தனியா இருந்தா உளறிடுவேன்" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோது, இந்த வேலை இவளுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்று எனக்கே வெறி வந்துவிட்டது. காலையிலேயே போய்விட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை, மனைவிக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று கடைக்கு லீவு போட்டிருந்தார். அவர் லீவு போட்டதுதான் வினை.

நான் கூடத்தில் உட்கார்ந்து, "என் தம்பி மாடிப்படியில விழுந்துட்டான்" என்று அழுகிற குரலில் சொல்ல, அவள் "பேச்சு வருதா? மூச்சு விடறாரா?" என்று கேட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். போன் மேசை மேல் சார்ஜில் இருந்தது. மாப்பிள்ளை டீ கொண்டுவந்து வைத்தவர், வந்த வழியே திரும்பியிருக்கலாம். போனை எடுத்து ஒரு பார்வை பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அப்டேட் போட்டியா?"

"அது ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்குப் பேசிட்டு இருக்கும்போது நடுவுல வந்து தொலைஞ்சா என்ன பண்றதுன்னு நேத்தே போட்டுட்டேன்" என்றாள் அவள். எவ்வளவு புத்தியுள்ள பதில், பாருங்கள்.

"அப்ப ரெகவரி போயிருக்குமே."

"போனா போகட்டும். இன்னைக்கு விட்டுடுங்க."

"இன்னைக்குத்தான் முக்கியம். பேசிட்டு இருக்கும்போது போன் நின்னுபோச்சுன்னா?"

"எட்டு மாசமா நிக்கலையே."

"அப்ப ரெகவரி இருந்துச்சு" என்றார்.

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அவள் மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் அவர் கேபிளை மாட்டிவிட்டார். "ரெண்டே நிமிஷம்" என்றார். இந்த இனத்தின் தேசிய கீதமே அதுதான். "தெரிஞ்சுதான் பண்றேன்" என்பது இரண்டாவது அடி. "டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது மூன்றாவது அடி. அதைக் கேட்டவுடன் எழுந்து நின்றுவிட வேண்டும், மரியாதைக்காக அல்ல, போனைப் பிடுங்குவதற்காக. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

முதல் தடவை பொருத்தினார், மூச்சைப் பிடித்தார், பொத்தான்களை அமுக்கினார். போன் முன்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டது. "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார். அப்போதாவது விட்டிருக்கலாம், போன் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி பொருத்தினார். இந்த முறை அவசரப்பட்டு விரலை எடுத்துவிட்டார். போன் மறுபடி கிளம்பியது. மூன்றாவது தடவை என்னையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ரெகவரி திறந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தேன்: கறுப்புத் திரையில் ஏழெட்டுக் கட்டங்கள். இதற்கா இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

"அப்ப போனைக் குடுங்க" என்றாள் தங்கை.

"இரு, உள்ள பாஸ்வேர்டு கேக்குது."

பாஸ்வேர்டு போட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி போட்டார். அப்டேட் வந்த பிறகு போன் தன் உள்பூட்டை மாற்றிக்கொண்டுவிட்டது. இவருடைய பழைய ரெகவரிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. உள்ளே இருந்த படங்களின் பெயரெல்லாம் பூனை தட்டச்சில் நடந்த மாதிரி வரிசையாகத் தெரிந்தன. மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டார். சரி, முன்வாசல் வழியாகவே கிளப்பிவிடலாம் என்று பார்த்தார், லோகோவோடு நின்றுவிட்டது. கூட்டத்துக்கு எழுதினார். ஏழெட்டுப் பேர் ஓடி வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகக் கிளப்பு என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த ரெகவரியையும் குறைசொல்ல முடியாது. அழிப்பதற்கு முன்னால் அது கேட்டது: எல்லாம் போய்விடும், திரும்பி வராது, சம்மதம் என்றால் சம்மதம் என்று உன் கையாலேயே எழுது என்று கேட்டது. பத்திரப் பதிவில்கூட இத்தனை தடவை கேட்க மாட்டார்கள். நான் எட்டிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, எல்லாம் போயிடும்னு போட்டிருக்கே?"

"பேக்கப்னு எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன் மச்சான். அதெல்லாம் எடுக்காம நான் கை வைப்பேனா?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார்.

அழிந்தது. போன் கிளம்பியது. கம்பெனியின் லோகோ வந்தது. வந்து, அங்கேயே நின்று, சுற்றிக்கொண்டே இருந்தது. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. தங்கையின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஏங்க, சிம்மையாவது எடுத்துக் குடுங்க" என்றாள். "இப்ப கழட்டக்கூடாது, நடுவுல கழட்டினா கெட்டுடும்" என்றார். இனிமேல் கெடுவதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் என் தங்கை எழுந்தாள். அவள் அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை. போனை அவர் கையிலிருந்து எடுத்தாள், பிடுங்கவில்லை, எடுத்தாள். வளையலிலிருந்து ஊக்கை உருவி, ஓரத்துத் துளையில் குத்தி, சிம்மை வெளியே எடுத்தாள். போனை அவர் மடியிலேயே வைத்தாள். என்னிடம் கையை நீட்டினாள். ஒரு மூலையில் கீறல் விழுந்த, எந்தக் காலத்திலும் எவரும் திறந்து பார்க்காத என் போனைக் கொடுத்தேன். என் சிம்மைக் கழற்றித் தன்னுடையதைப் போட்டு மூடினாள். மூடின கையோடு மணி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

எதிர்முனையில் ஓர் ஆண் குரல் படபடவென்று கொட்டியது. எங்க அப்பா ஏணியிலேருந்து விழுந்துட்டாரு, பேச மாட்டேங்கறாரு, கழுத்து ஒரு மாதிரி திரும்பியிருக்கு என்றது. நடிப்பு என்று தெரிந்தும் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவள் இடத்தைக் கேட்டாள், வழி கேட்டாள், மூச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

இந்தப் பக்கம் மாப்பிள்ளை லேப்டாப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தார், மூடினார். திடீரென்று கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பித் தன் மடியில் இருந்த போனைப் பார்த்தார். "போச்சே" என்றார். அடக்க முடியாமல் வந்த குரல். "எல்லாம் போச்சே."

எதிர்முனை ஒரு கணம் தன் அப்பாவை மறந்துவிட்டது. "ஏங்க, அங்க யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றது நடிப்பில்லாத குரலில்.

"இங்க ஒருத்தர் போனைச் சரிபண்றாருங்க, உயிருக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க, அப்பாவுக்கு மூச்சு இருக்கா?" என்றாள் என் தங்கை.

"இருக்கு. நான் அவரைத் தூக்கி உக்கார வைக்கட்டுமா? கழுத்தை நேராக்கிடறேன், எனக்குக் கொஞ்சம் தெரியும்."

"வேண்டாம். தொடாதீங்க. தெரிஞ்சதெல்லாம் போதும், கையை எடுங்க. பக்கத்துல உக்காந்து பேசிட்டு மட்டும் இருங்க. சரி பண்றவங்க வந்துட்டு இருக்காங்க."

அவள் அந்தப் பக்கத்து ஆளிடம்தான் பேசினாள். ஆனால் எங்கள் மாப்பிள்ளை மடியிலிருந்த போனை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு போனிலிருந்து தானாகக் கையை எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேச்சு முடிந்தது. பிறகு தெரியப்படுத்துகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். 

"பேக்கப்பை எங்க வெச்சீங்க?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "போன்லதான்."

"எந்தப் போன்ல?"

"இதே போன்ல. உள்ளேயே, 'பத்திரம்'னு ஒரு ஃபோல்டர் போட்டு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு வருஷத்துக் குழந்தைப் படங்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த இழுப்பறையையே ஜன்னல் வழியாகக் கொட்டியிருப்பேன். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தால் அடிக்கவும் மனசு வரவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனையாவது போலீஸில் பிடித்துக் கொடுக்கலாம்.

படங்கள் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டன. எந்த ரெகவரியிலிருந்தும் இல்லை. எங்கள் பெரியம்மாவின் போனிலிருந்து. அவளுக்கு வந்ததை அழிக்கத் தெரியாது; வந்த நாளிலிருந்து யார் எதை அனுப்பினாலும் அப்படியே கிடக்கும். போன் நிரம்பி வழிந்து, ஒரு படத்தைத் திறக்க நம் பொறுமையெல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் எல்லாம் இருந்தது, குழந்தையின் முதல் பல் உட்பட.

வேலையும் கிடைத்தது. பரீட்சை வைத்தவரே கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க வீட்ல பின்னாடி ஒருத்தரை அலற வெச்சீங்களே, அந்த ஏற்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. யாரும் அப்படி முன்யோசனையா பண்ணினதில்ல." என் தங்கை நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. அவளுக்கு வேலை கிடைத்ததில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொய் என்று சொல்ல முடியவில்லை.

இப்போது அவள் ஆம்புலன்ஸ் அழைப்புகள் வருகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு. போன வாரம் சொன்னாள்: "அண்ணா, கத்தறவங்க, அழறவங்க எல்லாம்கூடச் சுலபம். பயமா இருக்கறது ஒரே ஒரு மாதிரி ஆளுங்ககிட்டதான். ரொம்ப நிதானமா, 'நான் ஏற்கெனவே கொஞ்சம் பாத்துட்டேன்'னு ஆரம்பிப்பாங்க பாரு, அப்ப வண்டியைச் சீக்கிரமா அனுப்பிடுவேன்."

இந்தக் கதையை நான் நாலு இடத்தில் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்களில் பலர், "ஐயோ பாவம், அப்புறம் வேலை கிடைச்சுதா?" என்று கேட்கிறார்கள். தங்கமான மனிதர்கள், அவர்கள் வீட்டில் போன் ஓடும். வேறு சிலர் உண்டு. அவர்களுக்கு என் தங்கையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கதை பாதியில் இருக்கும்போதே நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "பேக்கப்பை முதல்ல லேப்டாப்புக்கு மாத்தியிருக்கணும்" என்பார்கள். "பழைய ரெகவரியைப் போட்டதுதான் தப்பு, புதுசு வந்திருக்குமே" என்பார்கள். மாப்பிள்ளை செய்திருக்க வேண்டிய முறையை வரிசையாகச் சொல்வார்கள். தொடாமலே இருந்திருக்கலாம் என்று மட்டும் அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

எல்லாம் அழிந்த இடத்தைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றியது? எனக்குச் சொல்ல வேண்டாம். மூன்றாவது தடவை ரெகவரி திறந்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததா? அதையும் சொல்ல வேண்டாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் இன்னொரு கையில் இருக்கிறதே ஒரு போன், அது யாருடையது என்று கொஞ்சம் பாருங்கள். பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.